துணை நிரல் திரும்பும் வழி

கணினிக்கு நிரல் எழுதப் பழகும் மாணவர், வேலை முழுவதையும் ஒரே தொடராக நீட்டி எழுதுவர். நினைத்த இடத்தில் 'நிறுத்து' என்றும் கட்டளையிடுவர். இவ்விரு பழக்கங்களுக்கும் மாற்று, கணினியின் இளமைக் காலத்திலேயே காணப்பட்டது.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தில் மாரிஸ் வில்க்ஸ் தலைமையில் உருவான எட்சாக் என்னும் கணினி, 1949 மே 6-ஆம் நாள் இயங்கத் தொடங்கியது. வெகு விரைவில் ஓர் உண்மை புலனாயிற்று. தம் வாழ்நாளில் ஒரு பெரும் பகுதி தம் நிரல்களின் பிழைகளைத் தேடுவதிலேயே கழியும் என்று உணர்ந்ததை வில்க்ஸ் பின்னாளில் நினைவு கூர்ந்துள்ளார். ஆகவே, வர்க்கமூலம் காணுதல், விடையை அச்சிடுதல் போன்ற பொது வேலைகளுக்குச் சோதித்துத் தேர்ந்த துணை நிரல்களைத் துளையிட்ட காகித நாடாக்களில் சேமித்து, ஒரு நூலகமே அமைத்தனர். இன்று 'பங்ஷன்' என வழங்குவதற்கு இவை முன்னோர் எனலாம்.

ஆனால் ஒரு சிக்கல். ஒரே துணை நிரலைப் பல இடங்களிலிருந்து அழைக்கலாம்; வேலை முடிந்ததும் அது எங்கே திரும்புவது? இதற்கு வழி கண்டவர், அந்நாளில் 22 வயது ஆராய்ச்சி மாணவராயிருந்த டேவிட் வீலர். அழைக்கும் நிரல், தான் நிற்கும் இடத்தின் எண்ணை உடன் அனுப்பும். துணை நிரல் தன் வேலையைத் தொடங்குமுன், அவ்வெண்ணைக் கொண்டு திரும்புவதற்கான கட்டளையை ஆக்கித் தன் இறுதியில் பதித்துக்கொள்ளும். இதற்கு 'வீலர் தாவல்' என்றே பெயர். வில்க்ஸ், வீலர், ஸ்டான்லி கில் மூவரும் எழுதி 1951-இல் வெளியான நூல் இம்முறைகளைப் பரப்பியது.

எட்சாக்கில் நிறுத்தக் கட்டளையும் தனியே இருந்தது. அது வந்தால் பொறி நின்று, மணியும் ஒலிக்கும்! திரும்புதல் வேறு, நிறுத்துதல் வேறு. சுண்ணக்கட்டி எடுத்துவர அனுப்பிய மாணவன், கட்டி இல்லையென்று பள்ளி விடும் மணியை அடித்துவிட்டால் என்னாகும்?

நம் மாணவர் செய்வதும் அதுவே. பல வகுப்புகளின் மதிப்பெண் சராசரியைக் காணும் நிரல் ஒன்றைக் கருதுக. ஒரு வகுப்பில் தேர்வெழுதியோர் எவருமிலர். பூச்சியத்தால் வகுக்க இயலாது. சராசரி காணும் பங்ஷனுக்குள்ளேயே நிரலை நிறுத்திவிட்டால், எஞ்சிய வகுப்புகளின் கணக்கும் நின்றுவிடும். பங்ஷன் அக்குறையை அழைத்த இடத்திற்குத் தெரிவித்துத் திரும்ப வேண்டும். அவ்வகுப்பை விட்டுச் செல்வதா, முற்றும் நிறுத்துவதா என்பதைத் தலைமை நிரல் முடிவு செய்யும்.