மூலப்பத்திரம் இல்லாத மேசை
மலையேறிய பொருள்கள் – 14

சென்ற வாரம் இரும்புக் கட்டிலைப் பார்த்தோம். இந்த வாரம், அந்தக் கட்டிலை ஒட்டி நின்ற முகம் கழுவும் மேசை, வாஷ் ஸ்டாண்டு.

மேசை, அலமாரி, ஜன்னல், சாவி எல்லாம் போர்ச்சுகீசியரோடு வந்து தமிழாகிவிட்டன. வாஷ் ஸ்டாண்டுக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை. நாம் கிணற்றடியில் செம்பால் மொண்டு ஊற்றிக் கழுவிப் பழகியவர்கள். தேங்கிய நீரில் முகம் கழுவ நமக்கு மனம் ஒப்பாது.

இடுப்பளவு உயரம். மேல்பலகையில் ஒரு வட்டத் துளை. பீங்கான் பேசின் அதில் உட்காரும். கீழ்த்தட்டில் தண்ணீர் ஜக்கு. பின்னால் சுவரில் நீர் தெறிக்காதபடி நிமிர்ந்த பலகை. வசதியுள்ள வீட்டில் மேலே சலவைக்கல் இருக்கும். மற்ற வீடுகளில் பைன் மாதிரி மலிவான மரம். அதை மறைக்க வண்ணப்பூச்சு. பூச்சு காய்வதற்குள் அதில் சீப்பை இழுத்து, ஓக் மரத்தின் ரேகையை வரவழைத்துவிடுவார்கள்.

இந்த மரச்சாமான்கள் எப்படி மலையேறின? 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன், நோயில் பலரை இழந்த பிறகு, 1845இல் கொடைக்கானலில் இரண்டு பங்களாக்கள் கட்டியது: சன்னிசைடு, ஷெல்டன். மலைக்கு அது புது ஊர். வில்பட்டியும் பூம்பாறையும் மன்னவனூரும் அதற்கு வெகுகாலம் முன்பே அங்கே உழுது விதைத்துக்கொண்டிருந்தன.

1875இல் அம்மையநாயக்கனூருக்கு ரயில் வந்தது. அங்கிருந்து பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பு வரை மாட்டுவண்டி. அதற்கு மேல் சக்கரம் ஏறாது. கட்டிலோ மேசையோ, தலையிலும் தோளிலும்தான் போக வேண்டும். மலையில் மோட்டார் ஓடியது முதல் உலகப்போர்க் காலத்தில்தான். சுமந்து ஏறிய அந்தப் பாதைக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் 'கூலி காட்'. சுமந்தவர்களின் தொழில் பாதையின் பெயராகி நின்றுவிட்டது. சுமந்தவர்களின் பெயர் எங்கும் இல்லை.

ஊர் மாறிப் போகும்போது துரைகள் தட்டுமுட்டுச் சாமான்களை ஏலம் விட்டார்கள். 'ஏலம்' என்ற சொல்லும் போர்ச்சுகீசியம் தந்ததுதான். துரை இறந்துபோனாலும் ஏலம்தான். மதராஸ் மாகாணத்தில் அப்படி இறந்தவர்களின் சொத்துப் பட்டியல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. ஆனால் அவை பேசுவது விற்றவரையும் வாங்கியவரையும் பற்றித்தான். விடியலில் வெந்நீர் கொண்டுவந்து ஜக்கை நிரப்பிய கைக்கு அதில் இடமில்லை.

குழாய் வந்ததும் வாஷ் ஸ்டாண்டுக்கு வேலை போயிற்று. இனி வில்பட்டிச் சரிவில், பூண்டு காயும் ஏதோ ஒரு திண்ணையில் இப்படி ஒன்று கண்ணில் பட்டால், அதன் வில்லங்கத்தை நீங்களே பார்க்கலாம். முதலில் திருகாணியைக் கழற்றுங்கள். முனை மொட்டையாக இருந்தால் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதி. இயந்திரத்தில் செய்த கூர்முனைத் திருகாணி 1840களின் கடைசியில்தான் வந்தது. அடுத்து, அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். ரம்பத்தின் கீறல் நேராக ஓடினால் கையால் அறுத்த பலகையாக இருக்கலாம். வில்லாக வளைந்தால் வட்ட ரம்பம். மரம் தேக்கோ சந்தன வேம்போ என்றால், நம் ஊர் ஆசாரி செய்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

கடைசியாக, பூச்சு. ஓரம் பெயர்ந்த இடத்தில் பச்சைக்குக் கீழே வெள்ளை, வெள்ளைக்குக் கீழே சீப்பு இழுத்த பழுப்பு என்று அடுக்கடுக்காகத் தெரியலாம். ஒவ்வொரு அடுக்கும் அந்த மேசையின் ஒரு காலம். சில நேரம் ஒரு வீடு மாற்றம். வட்டத் துளையைப் பலகை வைத்து அடைத்திருக்கிறார்களா? அங்கேதான் அது கை கழுவும் மேசையாக இருந்த காலம் முடிந்தது.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புதுசாக்க மட்டும் நினைக்காதீர்கள். பழைய பூச்சில் ஈயம் இருக்கலாம். தூள் மூச்சில் ஏறினால் ஆபத்து. அதோடு, அந்த மேசைக்கு இருக்கிற ஒரே மூலப்பத்திரத்தை நாமே சுரண்டி எறிந்த மாதிரி ஆகிவிடும்.

(தொடரும்)