உதகையின் நீரும் நீரேற்று நிலையமும்



நீரேற்று நிலையம் என்றவுடன் சமவெளிப் பட்டணங்களே நம் நினைவுக்கு வரும். 1914-ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பெற்ற கீழ்ப்பாக்கம் நிலையத்தை உங்களில் பலர் அறிவீர்கள். ஆனால், கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில், இரு பருவ மழைகளும் பெய்யும் உதகமண்டலத்திற்கு நீரேற்றும் பொறி எதற்கு?

நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் ஒரு மாணவன் இதையே கேட்டான். குழாயடியில் குடத்தோடு காத்திருந்து, அன்று வகுப்புக்குத் தாமதமாக வந்தவன் அவன். விடையைப் பாடநூலில் தேடாமல், மாணவர்களை ஊரைச் சுற்றி அழைத்துச் சென்றேன். அதே வழியில் இன்று நீங்களும் வாருங்கள்.

முதலில் கல்பங்களா நின்ற குன்று. 1819-இல் இம்மலைக்கு வந்த கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன், 1822-இல் கட்டத் தொடங்கிய வீடு அது. இன்று அங்கே அரசு கலைக் கல்லூரி விளங்குகிறது. அங்கிருந்து நோக்கினால், ஊர் ஒரு கிண்ணம் போலத் தோன்றும். கிழக்கே தொட்டபெட்டா, சரிவுகளிலிருந்து ஓடைகள் பள்ளத்தை நோக்கி இறங்குகின்றன. அவற்றை மறித்து, 1823 முதல் 1825 வரையில் சல்லிவன் ஏரியை உருவாக்கினார்.

குன்றைவிட்டுக் கீழே இறங்குவோம். பேருந்து நிலையமும், குதிரைப் பந்தயங்கள் நடைபெற்ற திடலும் ஏரி சுருங்கிவிட்ட நிலத்தில் எழுந்தவை. 1908-இல் இருப்புப்பாதையும் உதகையை எட்டியது. வீடுகள், கடைகள், விடுதிகள் பெருகின. கிண்ணத்தின் விளிம்பில் கொட்டியது அடியில்தானே சேரும்! கோடப்பமந்து ஓடை, ஊரின் நடுவே வருகையில் கழிவுநீரையும் சுமந்துகொண்டு ஏரியில் கலந்தது. பிற்காலத்தில் காந்தலில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் அமைக்க நேர்ந்தது. ஊருக்குள் இருக்கும் மிகப் பெரிய நீர்நிலையில் படகு விடலாம். குடம் முகந்து குடிக்க இயலாது. இதுவே நம் கேள்விக்குக் கிடைக்கும் முதல் விடை.

ஆகவே, குடிநீரை வீடுகளுக்கு அப்பால் தேட வேண்டியதாயிற்று. மார்லிமந்து, டைகர் ஹில், தொட்டபெட்டா, கோரிசோலை முதலிய இடங்களில் நீர்த்தேக்கங்கள் அமைந்தன. ‘மந்து’ என்பது தோடர் குடியிருப்பின் பெயர். நாம் அருந்தும் நீரின் முகவரியிலேயே இம்மலையின் பழங்குடியினர் பெயர் நிலைத்திருப்பதைக் கவனியுங்கள்.

மக்கள்தொகை மேலும் வளரவே, இவையும் போதவில்லை. மேற்கேயுள்ள பார்சன்ஸ் பள்ளத்தாக்கை நாடினார்கள். நகரின் முதன்மையான நீராதாரம் இன்று அதுவே. அங்குள்ள நீர் தானாக ஓடி வராது. மின்பொறிகள் மேட்டின்மேல் ஏற்றி அனுப்ப வேண்டும். ஆயிரம் லிட்டர் நீரை நூறு மீட்டர் உயர்த்துவதற்கு, இழப்பு ஏதுமின்றிக் கணக்கிட்டாலும், கால் யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவாகும். 1932-இல் பைக்காராவில் இம்மலையின் நீர் கீழே விழுந்து மின்சாரம் தரத் தொடங்கியது. இன்றோ அதே மலையில் மின்சாரம் நீரை மேலே தூக்குகிறது. மின்சாரம் நின்றாலும், பொறி பழுதுற்றாலும் குழாயடியில் குடங்கள் வரிசையில் நிற்கும். என் மாணவன் தாமதமாக வந்ததற்குக் காரணம் இப்போது விளங்கும்.

எனினும், பொறி நீரைத் தள்ளுமேயன்றிப் படைக்காது. நீரைச் சேமித்துத் தருபவை புல்வெளிகளும், மலை மடிப்புகளில் வளரும் சோலைக் காடுகளும் ஆகும். மழைநீரை மண்ணுக்குள் இறக்கி, கோடையிலும் சிறிது சிறிதாக ஓடைக்கு விடுபவை அவை. உதகையிலுள்ள மண்வள, நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்கள் கிளன்மார்கனில் ஒரு சோதனை நடத்தினார்கள். அடுத்தடுத்த இரு நீர்ப்பிடிப்புப் பகுதிகளுள் ஒன்றில் மட்டும் 1972-இல் தைலமரங்களை நட்டார்கள். முதல் பத்தாண்டுக் காலத்தில் அங்கிருந்து கிடைத்த நீர் ஏறத்தாழ 16 விழுக்காடு குறைந்தது. மரம் நட்டாலே நீர் பெருகும் என்று எண்ணுவோர், எங்கே எந்த மரம் என்பதையும் எண்ண வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. உதகை ஏரியின் நீர் சாண்டிநல்லா வழியே மோயாற்றுக்குச் செல்கிறது. மோயாறு பவானிசாகரில் பவானியோடு கூடுகிறது. நாம் கழித்துவிடும் நீர், கீழே வாழ்பவர்களின் வயலுக்கும் வாய்க்கும் போகிறது. மேலேயுள்ள சோலையை அழித்தால் நமக்கு நீரில்லை. ஓடையை மாசுபடுத்தினால் அவர்களுக்கு நன்னீரில்லை.

உங்கள் பள்ளிக் குழாயில் வரும் நீர் எந்த ஏரியில், எந்த ஆற்றில் புறப்பட்டு, எத்தனை மேடுகளைக் கடந்து வருகிறது என்று விசாரித்து எழுதிப் பாருங்கள். உங்கள் ஊரின் வரலாற்றில் ஒரு நல்ல அத்தியாயம் அதில் கிடைக்கும். கேள்வி கேட்ட அம்மாணவனுக்கு நான் அன்று கொடுத்த வீட்டுப்பாடமும் அதுவே.