ஓரணாச் சிற்றுண்டி: பிட்டி தியாகராயரும் மாநகராட்சிப் பள்ளிகளும்

ஈஜோக் வட்டாரத்துப் பால்மரத் தோட்டங்களில் வளர்ந்தோர் விடியற்காலைப் பெரட்டை மறந்திருக்கமாட்டார்கள். குளிர்ந்த வேளையில்தான் பால் நன்கு வடியும் என்பதால், கதிரவன் எழுமுன்னரே பெற்றோர் மரம் வெட்டச் சென்றுவிடுவர். பிள்ளை இருந்ததை உண்டோ, உண்ணாமலோ பள்ளிக்கு வரும். அத்தகைய வகுப்பில் கற்பித்த ஆசிரியர் எவரும் பசியைக் கல்விக்குப் புறம்பானதாகக் கருதியிருக்க முடியாது. ஆனால் அப்பசியைப் பொதுப்பணத்தால் தீர்ப்பது ஒரு மன்றத்தின் கடமை என்று கொள்வதற்குத் துணிவு வேண்டும். அத்துணிவைச் சென்னை மாநகராட்சி 1920ஆம் ஆண்டு காட்டியது.

அப்போது அதன் தலைவராக இருந்தவர் பிட்டி தியாகராயர் (1852–1925). அவர் பெயரைக் கேட்டதும் பலருக்கு நீதிக்கட்சியும் தியாகராய நகரும் நினைவுக்கு வரும். அமையவிருந்த அமைச்சரவைக்குத் தலைமையேற்க மறுத்த அவருடைய பெருந்தன்மையையும் சிலர் கூறுவர். எனக்கு அவற்றினும் பெரிதாகத் தோன்றுவது, 1882 முதல் அம்மன்றத்தில் தொடர்ந்து அமர்ந்திருந்த பொறுமைதான். மாநகராட்சியின் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் தலைவராக அவர் வந்தபோது, குப்பை, குடிநீர், பள்ளிக்கூடம் ஆகிய மூன்றின் கணக்கும் அவருக்கு மனப்பாடமாக இருந்திருக்கும்.

ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளி மாணவருக்குச் சிற்றுண்டி வழங்க மன்றம் ஒப்புதல் அளித்தது. ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படலாகாது என்பது வரம்பு. அப்பள்ளிப் பிள்ளைகள் ஏழைகள்; அவ்வறுமை பள்ளியின் ‘ஸ்ட்ரெங்தை’ வெகுவாகப் பாதிக்கிறது என்பது தியாகராயர் காட்டிய காரணம். மொழியியலாளன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். அவ்வாங்கிலச் சொல் வலிமையையும் குறிக்கும், மாணவர் எண்ணிக்கையையும் குறிக்கும். இங்குப் பொருந்துவது எண்ணிக்கையே. அவர் இரக்கத்தைப் பேசவில்லை. வருகைப் பதிவேட்டைப் பேசினார். மன்றத்தில் எடுபடும் வாதம் அதுவே.

திட்டம் மேலும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது. அந்த ஐந்து பள்ளிகளிலும் 1922–23இல் 811ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1924–25இல் 1,671ஆக உயர்ந்தது. சிற்றுண்டி ஒன்றே இதற்குக் காரணம் என்று நான் வாதிடமாட்டேன். கட்டாயக் கல்விக்கு வழிவகுத்த தொடக்கக் கல்விச் சட்டமும் 1920இல்தான் வந்தது. ஆயினும் இருமடங்கிற்கும் மேற்பட்ட வளர்ச்சியைப் புறந்தள்ளவும் இயலாது.

பின்னர் இடையூறு நேர்ந்தது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சிற்றுண்டிக்குச் செலவிட அரசு இசையவில்லை. உணவு கல்விச் செலவாகாது என்பதே அதன் உட்பொருள். 1925 ஏப்ரல் 1ஆம் நாள் திட்டம் நின்றது. அதே மாதம் 28ஆம் நாள் தியாகராயர் மறைந்தார். ஈராண்டுகளுக்குப் பின் 25 பள்ளிகளில் ஏழை மாணவர் ஆயிரவருக்கு மாநகராட்சி மீண்டும் உணவளித்தது. தலைவர் மறைந்த பின்னும் திட்டம் திரும்பி வந்ததற்குக் காரணம், அது ஒருவருடைய கொடையாக அன்றி மன்றத் தீர்மானமாகப் பதிவாகியிருந்தமையே என்பது என் கருத்து. காமராசரின் மதிய உணவும் 1982இன் சத்துணவும் அதே வழியில் வந்தவை.

அதே காலத்து மலாயாவை நோக்குவோம். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்றது. அதனால் நம் பள்ளிகளுக்குத் துரையே வாரியமானார். பல தோட்டங்களில் கிராணியோ, எழுதப் படிக்கத் தெரிந்த தொழிலாளியோ ஆசிரியரானார். நல்ல துரை வாய்த்தால் நல்ல பள்ளி. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை வீழ்ந்து தொழிலாளர் கப்பலேற்றப்பட்டபோது, அப்பிள்ளைகளுக்காக வாதிட அவர்களின் பெற்றோர் தேர்ந்தெடுத்த மன்றம் எதுவும் இல்லை. பள்ளி நின்ற நிலமும் நிருவாகத்தினுடையது. இன்றும் பல தமிழ்ப்பள்ளிகள் பகுதி உதவி பெறுவனவாக நிற்பதன் வேர் அங்கேதான் உள்ளது.

சென்னையின் தீர்மானங்களை நாம் படிக்க முடிகிறது. தோட்டத்துப் பள்ளிகளின் முடிவுகளைப் படிக்க வருகைப் பதிவேடுகளும் ஆய்வாளர் குறிப்பேடுகளுமே துணை. இவ்வட்டாரத்தில் மூடப்பட்ட அல்லது இடம்மாறிய பள்ளிகளின் ஏடுகள் உங்கள் அலமாரிகளில் இருந்தால், கறையான் முந்துமுன் படியெடுத்து வையுங்கள்.