ஆளுநருக்கு நடக்காத தேர்தல்: மதுரை மேற்கிலிருந்து சில சான்றுகள்

மதுரை விளாங்குடிக்காரர் மாநகராட்சிக்கும் சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் வாக்களிக்கிறார். ஆளுநரைப் பற்றி அவருக்கு என்ன கருத்து இருந்தாலும் அதைப் பதிவுசெய்ய வாக்குச்சாவடி கிடையாது. 1947இல் படேல் தலைமையிலான மாகாண அரசமைப்புக் குழு, வயது வந்தோர் அனைவரும் ஆளுநரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கட்டும் என்றுதான் சொன்னது. 1949 மே இறுதியில் அரசியல் நிர்ணய சபை அதைக் கைவிட்டு நியமனத்துக்கு மாறியது. மக்கள் வாக்கைப் பெற்ற இருவர் ஒரே மாநிலத்தில் மோதிக்கொள்வார்கள் என்ற அச்சம் ஒரு காரணம். நியமனத்தை ஆதரித்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், மாநில அமைச்சரவையைக் கலந்துகொள்ளும் மரபு உருவாகும் என்று நம்பினார். அந்த நம்பிக்கை என்னவாயிற்று என்பதைத் தமிழ்நாட்டு வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சபை ஒரு தேர்தலைத்தான் நீக்கியது. மாநிலத்தை ஆளப்போகிற ஒற்றை ஆளைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் விருப்பம் மக்களிடம் அப்படியே இருந்தது. அது சட்டமன்றத் தேர்தலுக்குள் புகுந்துகொண்டது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1952இல் அது இன்னும் புகவில்லை. 375 இடங்களில் காங்கிரசுக்கு 152 மட்டுமே கிடைத்தன. முதல்வர் குமாரசாமி ராஜாவே தோற்றார். (தோற்றவர் 1954இல் ஒடிசாவுக்கு ஆளுநராகப் போனார் என்பது இம்முறையின் இயல்பைக் காட்டும்.) தேர்தலில் நிற்காத ராஜாஜி மேலவை நியமன உறுப்பினராகி, ஆளுநர் ஸ்ரீபிரகாசாவின் அழைப்பில் முதல்வரானார். சிறையிலிருந்தபடியே மதுரையில் வென்ற பி. ராமமூர்த்தி அந்த நியமனத்தை எதிர்த்து சென்னை உயர் நீதிமன்றம் சென்றார், மனு தள்ளுபடியானது. வாக்காளர் முன் வைக்கப்படாத ஒரு பெயர் கோட்டைக்குப் போனதை முதலில் வழக்காக்கியவர்களில் ஒருவர் மதுரை உறுப்பினர்.

1980இல் நிலைமை தலைகீழ். ஜனவரி மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க. இரண்டே இடங்களில் வென்றது. பிப்ரவரியில் எம்.ஜி.ஆர். ஆட்சி கலைக்கப்பட்டது. மே மாதம் அவர் மதுரை மேற்கில் நின்று தி.மு.க.வின் பொன். முத்துராமலிங்கத்தைத் தோற்கடித்தார், கட்சிக்கு 129 இடங்கள். ஐந்து மாதத்துக்குள் இப்படி ஒரு திருப்பத்தைக் கலைப்பால் எழுந்த அனுதாபம் என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது. முதல் தேர்தலில் டெல்லிக்கு யார் என்பது கேள்வி, இரண்டாவதில் கோட்டைக்கு யார் என்பது கேள்வி. ஒரே வாக்காளர் இரண்டுக்கும் வெவ்வேறு விடை சொன்னார்.

2001 இன்னும் தெளிவான சான்று. ஜெயலலிதாவின் வேட்புமனுக்கள் நான்கு தொகுதிகளிலும் நிராகரிக்கப்பட்டிருந்தன. எந்த வாக்குச்சீட்டிலும் அவர் பெயர் இல்லை. ஆனாலும் மக்கள் அவரை மனத்தில் வைத்தே வாக்களித்தார்கள். ஆளுநர் பாத்திமா பீவி மே 14 அன்று அவருக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். செப்டம்பர் 21 அன்று உச்ச நீதிமன்றம் அந்த நியமனத்தை ரத்துசெய்தது. சட்டப்படி அத்தீர்ப்பு சரியே என்பது என் கருத்து. ஆனால் வாக்காளர் உண்மையில் யாரைத் தேர்ந்தெடுத்தார் என்பதற்கு அதில் பதில் இல்லை.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு விளாங்குடி இன்றிருக்கும் மதுரை மேற்குத் தொகுதியிலிருந்தே வருகிறது. (1980இன் எல்லையும் இன்றைய எல்லையும் ஒன்றல்ல.) இங்கே அ.தி.மு.க.வின் செல்லூர் ராஜூ பெற்ற 2011, 2016 வெற்றிகளை முதல்வர் அலை என்று கொள்ளலாம். 2021இல் தி.மு.க. 133 இடங்களோடு ஆட்சிக்கு வந்தபோதும் இங்கே அவரே மூன்றாம் முறை வென்றார். அந்த வாக்கு அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமிக்கு விழுந்ததா, “நம்ம ஏரியா ஆளு” என்பதற்கு விழுந்ததா? தொகுதி மொத்தத்தை வைத்து இதைச் சொல்ல இயலாது. 2011இல்தான் மாநகராட்சியோடு இணைந்த விளாங்குடி போன்ற பகுதிகளில், படிவம் 20 தரும் வாக்குச்சாவடிக் கணக்கை 2022 பிப்ரவரி வார்டு முடிவுகளோடு ஒப்பிட்டால் ஓரளவு பிரித்தறியலாம்.