ஒரு சாவிக்கு எத்தனை வேலை?

கார் சாவி இக்னிஷனுக்குள்ளேயே உடைந்துவிட்டால் முதலில் காதில் விழுவது, "ஏன் இவ்ளோ முரட்டுத்தனமா திருகினே?" என்பதுதான். பழி முழுக்க திருகியவர் மேல். ஆனால் இந்தச் சாவியின் வரலாற்றைப் புரட்டினால், பாதிப் பழி வேறு இடத்தில் கிடக்கிறது.

ஆரம்பத்தில் சாவிக்கு வேலை குறைவு. ஹேண்டில் போட்டுச் சுற்றித்தான் எஞ்சினைக் கிளப்பினார்கள். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912 காடிலாக்கில் வந்தது. அதற்குப் பிறகும் பல கார்களில் ஸ்டார்ட்டருக்கென்று தனிப் பொத்தானோ மிதியோ இருந்தது. இக்னிஷனுக்கு மின்சாரம் போகலாமா கூடாதா என்று சொல்வது மட்டும்தான் சாவியின் பொறுப்பு. ஃபோர்டு மாடல் டி-யின் பிற்காலச் சாவிகள் 51 முதல் 74 வரை எண்ணிட்டவை. மொத்தம் 24 தினுசுதான். பாஸ்வேர்டு என்று பார்த்தால் ஐந்து பிட்கூடத் தேறாது!

1949-ல் கிரைஸ்லர், சாவியைத் திருப்பினாலே ஸ்டார்ட் ஆகும் அமைப்பைக் கொண்டுவந்தது. வசதிதான். ஆனால் ஸ்டார்ட் நிலையில் ஒரு ஸ்பிரிங் எதிர்த்துத் தள்ளும். தினமும் பலமுறை அந்த எதிர்ப்பை வெல்வது சாவியின் இரண்டாவது வேலை ஆனது.

மூன்றாவது வேலை ஸ்டியரிங் லாக். சில ஐரோப்பியக் கார்களில் முன்பே இருந்ததுதான். ஜெனரல் மோட்டார்ஸ் 1969 மாடல்களில் பரவலாகப் பொருத்தியது. 1970 ஜனவரி 1 முதல் அமெரிக்கப் பாதுகாப்பு விதி எண் 114 அமலானது: சாவியை எடுத்தால் எஞ்சினைக் கிளப்ப முடியக்கூடாது, கூடவே ஸ்டியரிங்கோ வண்டியின் முன்னோட்டமோ தடைபட வேண்டும். திருடிய கார்கள் அதிகம் விபத்துக்குள்ளாகின்றன என்பது இதற்குப் பின்னாலிருந்த கவலை.

இங்கேதான் சிக்கல். சக்கரத்தைத் திருப்பியபடி பார்க் செய்தால் ஸ்டியரிங்கின் அழுத்தம் லாக்கின் இரும்புத் தண்டின் மேல் விழும். அதை விடுவிக்க நாம் முறுக்குவதோ, வழக்கமாகப் பித்தளையிலோ நிக்கல் கலந்த உலோகத்திலோ செய்த ஒரு மெல்லிய தகட்டை. அதிலும் பல் வெட்டிய இடங்களில் அகலம் இன்னும் குறைவு. ஆழமான வெட்டு எங்கேயோ, பெரும்பாலும் அங்கேதான் விரிசல் விடும்.

உடைந்துவிட்டால்? பல கார்ப் பூட்டுகளுக்குள் ஸ்பிரிங் வைத்த சின்னச் சின்னத் தகடுகள் இருக்கும். சரியான சாவி அவற்றைச் சம மட்டத்துக்குக் கொண்டுவந்தால்தான் உருளை சுழலும். சுழன்றபின் அவையே சாவியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே உருளை லாக் நிலையில் இல்லையென்றால் துண்டு வெளியே வராது. மெல்லிய ஸ்க்ரூ டிரைவரால் மெதுவாக அந்த நிலைக்குத் திருப்பி, கொஞ்சம் கிராஃபைட் தூள் விட்டு, கொக்கி முனையுள்ள கம்பியால் பல்லில் மாட்டி இழுக்க வேண்டும். பசை போட்டு ஒட்டி இழுக்கும் வித்தை வேண்டவே வேண்டாம். பசை தகடுகளில் வழிந்தால் பூட்டே போச்சு. சாவித்தலையையும் தூக்கிப் போடாதீர்கள். ஐரோப்பாவில் பரவலாக 1998-ல் கட்டாயமான இம்மொபிலைசரின் சிப் பெரும்பாலும் தலைக்குள்தான் இருக்கும்.

முறுக்குவிசை அதிகமானால் சாவி உடையும். சுவிட்சின் பிடிமானம் குறைந்தால் உயிரே போகும். 2014-ல் ஜெனரல் மோட்டார்ஸ் திரும்ப அழைத்த சுமார் 26 லட்சம் கார்களில் சிக்கல் அதுதான். கனமான சாவிக்கொத்தோ ஒரு குலுக்கலோ போதும், ஓடும்போதே சுவிட்ச் நழுவி எஞ்சின் அணையும், ஏர்பேகும் வேலை செய்யாது. நிறுவனத்தின் இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட மரணங்கள் 124. ரிப்பேர் ஆகும்வரை கொத்தில் இருப்பதையெல்லாம் கழற்றிவிட்டு, சாவியை மட்டும் போட்டு ஓட்டச் சொன்னார்கள்.

மென்பொருளில் ஒரு மாட்யூலுக்கு ஒரு பொறுப்புதான் என்போம். 1998 மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் தொடங்கி வந்த சாவியில்லா முறை அந்தப் பக்கம்தான் நகர்ந்தது: அடையாளம் சொல்ல ரேடியோ, கிளப்பப் பொத்தான். ஒருவகையில் 1949-க்கு முந்தைய ஏற்பாடு.

அதுவரை உலோகச் சாவி வைத்திருப்பவர்களுக்கு ஒன்றுதான்: சாவி இறுகினால் இன்னும் பலமாகத் திருகாதீர்கள். ஸ்டியரிங்கை இடமும் வலமும் லேசாக அசைத்துக்கொண்டே திருப்புங்கள்.