கடன் அட்டை வலையமைப்புப் போட்டி

கிரெடிட் கார்டு பணம் வங்கிகளுக்கிடையே செல்லும் பாதையை நடத்தும் நிறுவனங்களுக்குள் போட்டியை வளர்க்கும் விதிமுறைகள். இந்தியாவில் விசா, மாஸ்டர்கார்டு, ரூபே, அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், டைனர்ஸ் கிளப் ஆகியவை அனுமதி பெற்றவை. பிற வலையமைப்புகளைத் தடுக்கும் ஒப்பந்தங்களை வங்கிகள் செய்யக் கூடாது, அட்டை பெறும்போது வாடிக்கையாளரே வலையமைப்பைத் தேர்ந்தெடுக்க வழி வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024 மார்ச் 6 அன்று ஆணையிட்டது. தேர்வுரிமை விதியிலிருந்து, புழக்கத்தில் 10 லட்சம் அட்டைகளுக்கு மேல் இல்லாத அட்டை வழங்கும் நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு.

இந்த ஆணை தேவையானது. ஆனால் பாதி வழியே வந்திருக்கிறது. அட்டைப் பரிமாற்றக் கட்டணத்தின் சுமை விழுவது கடைக்காரர் மேல், தேர்வுரிமையோ அட்டைதாரருக்கு. மதுரை டவுன்ஹால் ரோட்டில் 1,500 ரூபாய்ச் சுங்குடிச் சேலை விற்பவருக்குக் கட்டணம் 2 சதவீதம் என்றால் 30 ரூபாய் குறையும்; எந்தப் பாதை மலிவு என்று சொல்ல அவருக்கு இடமில்லை. அமெரிக்காவில் 2022-இல் முன்மொழியப்பட்ட கடன் அட்டைப் போட்டி மசோதா, பெரிய வங்கிகளின் அட்டைகளில் குறைந்தது இரண்டு பாதைகள் இருக்க வேண்டும் என்று கோரியது. அப்படியானால் வணிகர் மலிவானதைத் தேர்ந்தெடுக்கலாம். கட்டணம் குறைந்தால் வெகுமதிப் புள்ளிகளும் பாதுகாப்புச் செலவும் குறையும் என்பது எதிர்வாதம். அது முழுவதும் தவறன்று. ஆனால் அந்தப் புள்ளிகளின் செலவு விலையில் ஏறும்போது, அட்டையே இல்லாமல் ரொக்கம் கொடுப்பவரும் அதைச் சுமக்கிறார். 2022 முதல் ரூபே கடன் அட்டையை யூபிஐயுடன் இணைக்க முடிவதும், சிறு வணிகரிடம் 2,000 ரூபாய் வரையான அத்தகைய பரிமாற்றத்துக்குக் கட்டணம் இல்லாததும் மாற்றுப் பாதை சாத்தியம் என்பதற்குச் சான்று. போட்டி கல்லாப்பெட்டி வரை வரவேண்டும்.