அமெரிக்க டீசல் பிக்கப்: முகமா, எஞ்சினா?

அமெரிக்காவில் 'ஹெவி டூட்டி' பிக்கப் என்பது பந்தாவுக்கான வண்டி மட்டும் இல்லை. மாடு, குதிரைகளை ட்ரெய்லரில் ஏற்றி இழுக்கும் பண்ணைக்காரருக்கும், கட்டட கான்ட்ராக்டருக்கும் சோறு போடுவதே அதுதான். வண்டி ஒரு வாரம் ஒர்க்‌ஷாப்பில் நின்றால் வருமானமும் நிற்கும். ஆனால் வாங்கும்போது கண்ணில் படுவது முகப்புதான். எஞ்சினின் குணம் தெரியச் சில வருடங்கள் ஆகும். அழகும் நம்பகத்தன்மையும் சேர்ந்தே வந்தனவா? மூன்று கம்பெனிகளின் வரலாற்றைப் பார்ப்போம்.

முதலில் டாட்ஜ். 1982 மாடலில் ஜெனரல் மோட்டார்ஸும், 1983ல் ஃபோர்டும் பிக்கப்புக்கு டீசல் வி-8 கொடுத்துவிட்டன. இரண்டிலும் டர்போ இல்லை. டாட்ஜோ 1972ல் வந்த உடலையே மேக்கப் போட்டு விற்றுக்கொண்டிருந்தது. 1989 மாடலில் அந்தப் பழைய உடலுக்குள் கம்மின்ஸின் 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர் டர்போ டீசலை வைத்தார்கள். குதிரைத்திறன் 160தான். ஆனால் முறுக்குவிசை 400 பவுண்டு-அடி! பாரம் இழுக்க அதுதானே வேண்டும்? முகத்தைப் பார்க்காமல் எஞ்சினுக்காகவே மக்கள் வாங்கினார்கள். பெரிய லாரியைப் போல உயர்ந்த பானெட்டும் தாழ்ந்த மட்கார்டும் கொண்ட புது முகம் 1994 மாடலில்தான் வந்தது.

கம்மின்ஸிலும் குறை உண்டு. முன்பக்கக் கியர் பெட்டியில் ஒரு சின்ன இரும்பு ஊசி கழன்று விழுந்தால் எஞ்சினே நாசமாகலாம். அதற்கு 'கில்லர் டவல் பின்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

ஃபோர்டின் கதை நேர் எதிர். நேவிஸ்டார் தயாரித்த 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் 1994ல் வந்து, உழைப்பாளி என்று பெயர் எடுத்தது. 1999 மாடலாக வந்த சூப்பர் டூட்டியின் முரட்டு முகமும் எல்லோருக்கும் பிடித்துப்போனது. 2003ல் அதே முகத்துக்குப் பின்னால் 6.0 லிட்டர் எஞ்சின் வந்தது. புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்காக, வெளியேறும் புகையில் ஒரு பகுதியைக் குளிரவைத்துத் திரும்ப எஞ்சினுக்குள் அனுப்பும் அமைப்பு இதில் இருந்தது. ஆயில் கூலர் அடைத்துக்கொண்டால் புகையைக் குளிர்விக்கும் கூலருக்குத் தண்ணீர் போகாது, அது வெடிக்கும், ஹெட் கேஸ்கெட்டும் போகும். பெரிய ரிப்பேர் என்றால் கேபினையே சேஸிலிருந்து தூக்கி வைத்து வேலை பார்த்த மெக்கானிக்குகள் பலர். வாரண்டிச் செலவை யார் ஏற்பது என்று 2007ல் ஃபோர்டும் நேவிஸ்டாரும் கோர்ட்டுக்குப் போய், 2009ல் சமரசம் ஆனார்கள். 2011 மாடலிலிருந்து 6.7 லிட்டர் டீசலை ஃபோர்டே சொந்தமாகச் செய்தது.

ஜெனரல் மோட்டார்ஸ் 2001 மாடலில் இசுசுவுடன் சேர்ந்து 6.6 லிட்டர் டூராமேக்ஸ் கொண்டுவந்தது. சத்தம் குறைவு, வேகம் அதிகம். ஆனால் ஆரம்ப வண்டிகளில் இன்ஜெக்டர்கள் பழுதாக, கம்பெனி வாரண்டியை நீட்டிக்க வேண்டியதாயிற்று.

ஆக, 1989 டாட்ஜின் முகம் பழசு, எஞ்சின் தங்கம். 2003 ஃபோர்டின் முகம் அதேதான், எஞ்சினோ வேறு. 'ஃபோர்டா, டாட்ஜா?' என்ற பழைய சண்டையில் அர்த்தமே இல்லை என்பேன். பழைய வண்டி வாங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்வி, 'எந்த வருடம், எந்த எஞ்சின்?' என்பதுதான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?